இரண்டு இடம் ஏன் என்று கேட்டாயே

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் கிடைத்தது. ஆறு வருடம் கூட்டங்களிலேயே கழித்துவிட்டு மறுபடி சி மொழியில் நிரல் எழுத உட்கார்ந்திருக்கிறாய் என்று படித்ததும் ஒரே சிரிப்பு. விடுதியில் ஒரு கணினியை நாம் முறை வைத்துப் பகிர்ந்துகொண்டபோது நீ தட்டுவாய், நான் பக்கத்தில் இருந்து அடைப்புக்குறி எண்ணுவேன். இப்போது நீயே, ‘ஈமாக்ஸ் எடிட்டர் என் பிரேஸை (நெளி அடைப்புக்குறியை) இரண்டு இடம் தள்ளி எங்கேயோ கொண்டுபோய் நிறுத்துகிறதே, ஏன்?’ என்று புலம்புகிறாய்.

அது பிழையில்லை, நடை; நிரல் வரிகளைத் தள்ளி அடுக்கும் பாணி. குனு என்ற கட்டற்ற மென்பொருள் திட்டத்தில் பிறந்த எடிட்டர் என்பதால், சி கோப்பைத் திறந்ததும் அது குனு நடையைத்தான் கையில் எடுக்கும். ‘இஃப்’ வரிக்குக் கீழே பிரேஸ் இரண்டு இடம் தள்ளி நிற்கும். உள்ளே வரும் வரிகள் அதிலிருந்து இன்னும் இரண்டு தள்ளி. பழகியவர்கள் அழகு என்பார்கள். எனக்கு இன்றுவரை ஒட்டவில்லை. ‘சி-டிஃபால்ட்-ஸ்டைல்’ என்ற அமைப்பில் வேறு நடையின் பெயர் கொடுத்தால் போதும். ‘லினக்ஸ்’ என்றால் ஒரு படிக்கு (ஒரு முறை உள்ளே தள்ளுவதற்கு) 8 இடம், ‘பிஎஸ்டி’ அல்லது ‘ஸ்ட்ரூஸ்ட்ரப்’ என்றால் 4. ‘கே அண்ட் ஆர்’ என்று, சி மொழியின் பழைய பாடநூல் பெயரிலும் ஒன்று இருக்கிறது. பழைய பாசத்தில் அதைப் போட்டுவிடாதே, அங்கே படி 5! ஐந்து வைத்து எழுதும் ஆளை நான் இதுவரை பார்த்ததில்லை.

நடை முழுக்கப் பிடித்து ஒரே ஒரு வரி மட்டும் உறுத்தினால், அந்த வரியில் நின்று கன்ட்ரோல்-சி, கன்ட்ரோல்-எஸ் தட்டு. அந்த வரியை எடிட்டர் என்னவென்று நினைக்கிறது என்று கீழே காட்டும். உன் பிரேஸ் வரியில் ‘சப்ஸ்டேட்மென்ட்-ஓப்பன்’ என்று வரும். உடனே கன்ட்ரோல்-சி, கன்ட்ரோல்-ஓ தட்டி அதற்கு 0 கொடு; பிரேஸ் இஃபுக்கு நேர் கீழே வந்து நிற்கும். மனதுக்குச் சரியாக இருந்தால் அப்புறம் இனிட் கோப்பில், அதாவது ஈமாக்ஸ் தொடங்கும்போது படிக்கும் அமைப்புக் கோப்பில், எழுதிக்கொள்ளலாம். இந்த இரண்டு தட்டல்களை நான் பல வருடம் தெரியாமலே இருந்தேன். கையால் ஸ்பேஸ் அடித்து அடித்து எடிட்டரோடு மல்லுக்கட்டிய நேரத்தைக் கூட்டினால் ஒரு மாதச் சம்பளம் தேறும்.

‘டேப்-விட்த்தை 4 ஆக்கினேன், ஒன்றும் நடக்கவில்லை’ என்று எழுதியிருந்தாய். நீ மட்டுமில்லை, எல்லோரும் இங்கேதான் வழுக்கி விழுகிறோம். டேப் சாவி வேறு, கோப்புக்குள் கிடக்கும் டேப் எழுத்து வேறு. அந்த எழுத்தைத் திரையில் எவ்வளவு அகலமாகக் காட்டுவது என்பது தனி. நிரலில் ஒரு படி எவ்வளவு என்பது அதைவிடத் தனி. நீ மாற்றியது காட்டும் அகலத்தை மட்டும். படி இருப்பது ‘சி-பேசிக்-ஆஃப்செட்’டில். சாவியோ, நிரல் கோப்பில் டேப் எழுத்தை நுழைக்கவே நுழைக்காது. வரியை அது நிற்க வேண்டிய இடத்துக்கு இழுத்து நிறுத்தும், அவ்வளவுதான். தள்ளிய இடத்தை எதைக் கொண்டு நிரப்புவது என்பதை ‘இண்டென்ட்-டேப்ஸ்-மோட்’ முடிவு செய்கிறது. அது இயல்பாகவே இயங்கிக்கொண்டிருப்பதால், டேப்-விட்த்தைத் தொடாமல் விட்டால், எட்டு இடம் சேர்ந்ததும் சத்தமில்லாமல் ஒரு டேப்பாகச் சுருட்டிவிடும். உன் திரையில் எல்லாம் நேராகத் தெரியும். டேப்புக்கு நான்கு இடம் காட்டும் வேறு எடிட்டரில் உன் நண்பர் திறந்தால் படிகள் நொறுங்கிக் கிடக்கும். அந்த ‘இண்டென்ட்-டேப்ஸ்-மோட்’டை அணை. ஆனால் இனிட் கோப்பில் ‘செட்க்யூ’ என்று எழுதினால் அப்போது திறந்திருக்கும் பஃபரோடு, அதாவது அந்த ஒரு திருத்தும் பரப்போடு, நின்றுவிடும். ‘செட்க்யூ-டிஃபால்ட்’ என்று எழுத வேண்டும்.

இதைச் சொல்ல எனக்குத் தகுதி எப்படி வந்தது தெரியுமா? பழைய அலுவலகத்தில் ஒரு நாள், ஒரே ஒரு நிபந்தனையைத் திருத்தப் போனவன், கோப்பு அலங்கோலமாக இருக்கிறதே என்று டேப்களையெல்லாம் ஸ்பேஸாக்கும் ‘அன்டேபிஃபை’ கட்டளையைப் போட்டுச் சேமித்து அனுப்பிவிட்டேன். ஆயிரத்துச் சொச்சம் வரிகள் மாறியதாகக் காட்டியது. சரிபார்த்தவர் எழுதியது ஒரே வரி: ‘இதில் திருத்தம் எது?’ மாறிய வரிகளைக் காட்டும் ‘கிட் டிஃப்’ கட்டளைக்குச் சிறிய ‘டபிள்யூ’ என்ற குறி கொடுத்தால் வெற்றிட மாற்றங்களை ஒதுக்கிவிட்டுக் காட்டும் என்பதை அன்றைக்குத்தான் கற்றேன். இப்போதெல்லாம் பிறர் கோப்பில் எது இருக்கிறதோ அதன்படியே போய்விடுகிறேன்.

நிரலைக் கட்டித் தரும் ‘மேக்’ கருவி படிக்கும் மேக்ஃபைலில் மட்டும் டேப்பை எடுக்கவே கூடாது, கட்டளை வரி டேப்பில்தான் தொடங்க வேண்டும். ஸ்டூவர்ட் ஃபெல்ட்மன் 1976-இல் ‘மேக்’ எழுதிய கொஞ்ச நாளிலேயே அதைப் பயன்படுத்துவோர் ஒரு டஜன் பேர் சேர்ந்துவிட்டார்களாம். அவர்களைத் தொந்தரவு செய்ய வேண்டாம் என்று டேப் விதியை அப்படியே விட்டுவிட்டார். அந்த டஜன் பேருக்காக நாம் இன்னும் டேப் போட்டுக்கொண்டிருக்கிறோம். நல்லவேளை, மேக்ஃபைலைத் திறந்தால் ஈமாக்ஸ் தானாகவே டேப்புக்கு மாறிக்கொள்ளும்.

இனி, ஈமாக்ஸ் திறக்கும்போது வருபவை. வரவேற்புத் திரை வேண்டாமென்றால் ‘இன்ஹிபிட்-ஸ்டார்ட்டப்-ஸ்கிரீன்’ அமைப்பை இயக்கு. தற்காலிகமாகக் கிறுக்குவதற்கான ஸ்க்ராட்ச் பஃபரில் வரும் குறிப்பை ‘இனிஷியல்-ஸ்க்ராட்ச்-மெசேஜ்’ மூலம் காலியாக்கு. அடியில் வரும் ஒற்றை வரி அறிவிப்பை நிறுத்துவதுதான் வேடிக்கை. அதற்கான மாறியில் ‘ஆம்’ என்று போட்டால் கேட்காது, உன் லாகின் பெயரையே எழுத வேண்டும். ஒருவர் எல்லோருக்கும் சேர்த்து அதை அணைத்துவிடக் கூடாது என்று வைத்த பூட்டு.

திறக்கவே ஒன்பது விநாடி ஆகிறது என்கிறாய். அந்த இனிட் கோப்பு நீ எழுதியதா, யாருடையதையாவது அள்ளிப் போட்டாயா? ‘ஈமாக்ஸ்’ என்பதோடு பெரிய ‘க்யூ’ குறியைச் சேர்த்துத் திறந்து பார், உன் அமைப்பு எதையும் படிக்காமல் வரும். கண்ணிமைப்பில் வந்தால் குற்றவாளி உன் கோப்புதான். என்னுடையதும் ஒரு காலத்தில் அறுநூறு வரி, பாதிக்கு மேல் என்னவென்றே தெரியாது. ஒரு விடுமுறை நாளில் முழுவதையும் ஓரமாக வைத்துவிட்டு வெறும் எடிட்டரில் வேலை செய்தேன். எது இல்லாமல் கை தடுமாறியதோ அந்த வரியை மட்டும் திரும்பக் கொண்டுவந்தேன். மூன்று வாரத்தில் நாற்பது வரிதான் திரும்பி வந்தது. கனமான தொகுப்புகளை ‘யூஸ்-பேக்கேஜ்’ வழியாகத் தேவைப்படும்போது மட்டும் ஏற்றுகிறேன். 29-ஆம் பதிப்பிலிருந்து அது கூடவே வருகிறது. அதற்கும் மேலே வேகம் வேண்டுமென்றால் பின்னணியில் ஓடும் டீமனாக ஒரு முறை ஓடவிட்டு, ‘ஈமாக்ஸ்கிளையன்ட்’டால் திறந்துகொள். மூடாத எடிட்டருக்குத் தொடக்க நேரம் ஏது?

என் பக்கத்துச் செய்தி பெரிதாக ஒன்றுமில்லை. கண்ணாடி மாற்றினேன், எழுத்தளவை 16 ஆக்கிவிட்டேன். அந்த அளவில் லினக்ஸ் நடையின் எட்டு இடம் திரையில் பாதியைத் தின்கிறது. மூன்று படி தாண்டினால் வரி வலது ஓரத்தில் முட்டுகிறது. அதனால் நீளமான ஃபங்ஷன்களை வெட்டத் தொடங்கியிருக்கிறேன், வேறு வழியில்லாமல்.

உன் இனிட் கோப்பை அப்படியே அனுப்பு, ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து பார்க்கிறேன். அதில் மட்டும் 5 என்று எங்காவது இருந்தால் நம் நட்பைப் பற்றி யோசிக்க வேண்டிவரும்.

உன்
பழைய அறைத்தோழன்