ஆறு கோடி வெள்ளிப்பணம்

வேலூர்
லெந்து மூன்றாம் வாரம்

கிறிஸ்துவுக்குள் அன்பான நண்பனுக்கு,

ஸ்தோத்திரம். உன் கடிதம் கிடைத்தது. இங்கே பங்குனி பிறப்பதற்குள்ளேயே வெயில் ஏறிவிட்டது. காட்பாடி மேம்பாலத்தில் வண்டி நிற்கிற நேரத்தில் ஒரு சங்கீதம் பாடி முடித்துவிடலாம். வீட்டில் எல்லாரும் சுகம். தங்கச்சிக்கு முட்டிவலி குறைந்ததா என்று எழுது.

குடியாத்தத்தில் இந்த வருஷம் திடப்படுத்தல் வகுப்பை, சபையில் முழு உறுப்பினராகப் போகிற பிள்ளைகளுக்கான பாடத்தை, உன் தலையில் கட்டிவிட்டார்களா! நல்லதுதான். அந்தப் பையன் கேட்டானே, "இயேசு ஏற்கெனவே மன்னிச்சாச்சுன்னா நாம ஏன் வாராவாரம் பாவ அறிக்கை சொல்றோம்?" என்று, அதற்கு அவசரப்பட்டுப் பதில் சொல்லாமல் விட்டது சரி. அதற்கு முன்னால் 'மன்னிப்பு' என்ற சொல்லையே பிள்ளைகளுக்குப் பிரித்துக் காட்ட வேண்டும். நான் மத்தேயு 18-ல் இயேசு சொன்ன உவமையில் தொடங்குவேன்: ராஜா ஓர் ஊழியக்காரனின் பெருங்கடனை மன்னிக்கிறான்; அவனோ தன்னிடம் கொஞ்சம் கடன்பட்ட உடன் ஊழியக்காரனை விடுவதில்லை. நம் ஊர்ப் பிள்ளைகளுக்குத் தண்டல் தெரியும், குழுக் கடன் தெரியும், அடகுக்கடைச் சீட்டு தெரியும். வேறு ஊரில் அரைமணி நேரம் விளக்க வேண்டியது இங்கே அரைநிமிஷத்தில் புரியும்.

கணக்கைக் கரும்பலகையில் எழுதிப்போடு. ஒரு தாலந்து 6,000 வெள்ளிப்பணம். பதினாயிரம் தாலந்து என்றால் ஆறு கோடி வெள்ளிப்பணம். ஒரு வெள்ளிப்பணம் ஒரு நாள் கூலி. திராட்சத்தோட்ட உவமையில், மத்தேயு 20-ல், அதுதான் பேசின கூலி. நாள் கூலி 600 ரூபாய் என்று வைத்துக்கொள். முதல் ஊழியக்காரனின் கடன் 3,600 கோடி. அவனிடம் இன்னொருவன் பட்டிருந்த நூறு வெள்ளிப்பணம் 60,000 ரூபாய். இங்கேதான் பல பிரசங்கங்கள் சறுக்குகின்றன. இரண்டாவது கடன் ஏதோ சில்லறை என்று சொல்லிவிடுகிறோம். கூலிக்குப் போகிறவனுக்கு 60,000 சில்லறையா? நூறு நாள் உழைப்பு. பிறர் நமக்குச் செய்த தீங்கு உண்மையிலேயே வலிக்கிற தொகை என்பதை ஆண்டவர் மறைக்கவில்லை. அதைச் சின்ன விஷயம் என்று சொல்லி மன்னிக்கச் சொன்னால் காயப்பட்ட பிள்ளை நம்மை நம்பாது.

அடுத்து, அந்த ஊழியக்காரன் என்ன கேட்டான் என்று வகுப்பில் சத்தமாக வாசிக்கச் சொல். "என்னிடத்தில் பொறுமையாயிரும், எல்லாவற்றையும் உமக்குக் கொடுத்துத் தீர்க்கிறேன்." அவன் கேட்டது தவணை. வருஷத்துக்கு 300 நாள் வேலை என்றாலும் அந்தக் கடனைத் தீர்க்க இரண்டு லட்சம் வருஷம் ஆகும்; ஆனாலும் தீர்த்துவிடுவேன் என்கிறான். ராஜா தவணை கொடுக்கவில்லை, கடனையே தள்ளுபடி செய்துவிட்டான். வெளியே வந்ததும் அவன் கூட்டாளியின் தொண்டையைப் பிடித்தது ஏன்? வசனம் சொல்லாததை நான் ஊகிக்கிறேன்: தனக்குத் தவணைதான் கிடைத்தது என்ற நினைப்பிலேயே அவன் வெளியே வந்திருக்க வேண்டும். கட்டியாக வேண்டியவன்தான் வசூலுக்குக் கிளம்புவான். நம் சபைகளில் கிருபையைப் பற்றிய குழப்பத்தில் பாதி இதுதான். தேவன் கொஞ்சம் அவகாசம் கொடுத்திருக்கிறார், அதற்குள் ஜெபம், உபவாசம், காணிக்கை என்று கட்டிமுடிக்க வேண்டும் என்று வாழ்கிறோம். அப்புறம் அடுத்தவனிடம் கறாராக இருக்கிறோம்.

தள்ளுபடி செய்த தொகை எங்கே போகிறது என்றும் பிள்ளைகளிடம் கேள். கடன் கொடுத்தவன் தலையில்தானே விழும். மன்னிக்கிறவர் நஷ்டத்தைத் தாம் ஏற்கிறார். சிலுவையை இந்த வழியாகச் சொன்னால் பிள்ளைகள் பிடித்துக்கொள்வார்கள். எபிரெயத்தில் மன்னிப்புக்கு வரும் 'நாசா' என்ற வினைக்கு நேர்ப்பொருளே தூக்குதல், சுமத்தல். கொலோசெயர் 2:14-ல் "கையெழுத்தைக் குலைத்து" என்று படித்துவிட்டுப் போகிறோமே, அங்கே இருக்கும் கிரேக்கச் சொல் 'கைரோகிராஃபோன்'. கடன்பட்டவன் தன் கையால் எழுதிக்கொடுக்கும் சீட்டு, நம் புரோநோட்டு. அது சிலுவையில் ஆணியடிக்கப்பட்டது. புரோநோட்டு என்றதும் வகுப்பில் யாராவது, "மூணு வருஷம் ஆனா அது செல்லாதே" என்பான். விடாதே, அதைப் பிடித்துக்கொள். காலாவதியாவது வேறு, ரத்தாவது வேறு. பழைய பாவம் மறந்துபோனதால் தீர்ந்துவிட்டது என்று நினைப்பது காலாவதிக் கணக்கு. அதற்கு வேதத்தில் இடமில்லை.

கர்த்தருடைய ஜெபத்தில் மன்னிக்கும்படி கேட்கிற இடத்தில் கடன், குற்றம் என்ற இரண்டு சொல்லில் எது சரி என்று கேட்டிருந்தாய். இயேசு பேசிய அரமேயத்தில் 'ஹோபா' என்ற ஒரே சொல் கடனையும் பாவத்தையும் குறிக்கும். அதனால்தான் கர்த்தருடைய ஜெபத்தில் மத்தேயு "கடன்களை" என்றும், லூக்கா "பாவங்களை" என்றும் எழுதுகிறார்கள். தமிழிலும் கடன் என்றால் கடமைதான்; செய்ய வேண்டியதைச் செய்யாமல் விட்டதும் அதற்குள் அடங்கிவிடுகிறது. இது நமக்கு வாய்த்த அதிர்ஷ்டம்.

சங்கீதம் 32-ஐ மனப்பாடம் செய்யக் கொடு. முதல் இரண்டு வசனத்திலேயே மீறுதல், பாவம், அக்கிரமம் என்று மூன்று சொல். அவற்றுக்கு எதிராக மன்னிக்கப்பட்டது, மூடப்பட்டது, எண்ணப்படவில்லை என்று மூன்று செயல். மூன்றாவது கணக்குப்புத்தகச் சொல். பவுல் ரோமர் 4-ல் இதையே எடுத்து வைத்து, நீதி எண்ணப்படுகிறது என்ற வாதத்தைக் கட்டுகிறார்.

இப்போது பையனின் கேள்விக்கு வருகிறேன். யோவான் 13:10 போதும்: முழுகினவன் கால்களை மாத்திரம் கழுவினால் போதும். நீதிமானாக்கப்படுவது, அதாவது தேவன் ஒருவனை நீதிமான் என்று தீர்ப்பது, ஒரே தரம் முழுகுவது. ஞானஸ்நானத்தையும் நாம் திரும்பக் கொடுப்பதில்லை. வாராந்தர அறிக்கை கால் கழுவுவது. பாலாற்று மணலில் நடந்து வந்தவனுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. நம் பக்கத்துச் சபைகளுக்கு 1853 முதல் ஆற்காடு மிஷன் வழியாக வந்த சீர்திருத்த மரபு உண்டல்லவா, அந்த மரபின் ஐடல்பெர்க் வினாவிடை (1563) 56-ம் கேள்வியில் இதை நேராகவே சொல்கிறது: என் பாவங்களையும், வாழ்நாளெல்லாம் நான் போராட வேண்டிய என் பாவ சுபாவத்தையும் தேவன் இனி நினைப்பதில்லை. போராட்டமும் மன்னிப்பும் ஒரே வாக்கியத்தில் நிற்கின்றன. 129 கேள்விகளை 52 ஞாயிறுகளுக்குப் பிரித்த புத்தகம் அது. முழுவதையும் பிள்ளைகள் மேல் ஏற்றாதே. 56, 60, 126 போதும்.

அறிக்கை செய்யும் முறையைத் தனியாகச் சொல்லிக்கொடு, அங்கேதான் கோளாறு அதிகம். "நான் மகா பாவி" என்பது அறிக்கை ஆகாது. அதைச் சொல்ல யாருக்கும் வெட்கம் வராது. என்ன செய்தேன், யாருக்குச் செய்தேன் என்று வினைச்சொல்லோடு சொல்ல வேண்டும். "பொய் சொன்னேன், ஆனால் அவனும்..." என்று 'ஆனால்' வந்த இடத்தில் அது வக்கீல் வாதமாகிவிடும். இன்னொரு பக்கம், ஒரே பழைய பாவத்தைப் பத்து வருஷமாகத் திரும்பத் திரும்ப அறிக்கை செய்து வாடுகிற மனசாட்சிகளும் உண்டு. அவர்களுக்கு 1 யோவான் 1:9-ஐக் காட்டு: மன்னிக்க அவர் "உண்மையும் நீதியும்" உள்ளவர். இரக்கம் என்று எழுதாமல் நீதி என்று எழுதியிருக்கிறது. தீர்ந்த கடனை மறுபடி வசூலிப்பது நீதியில்லை.

திருப்பிக் கொடுப்பதை நாம் அடியோடு விட்டுவிட்டோம். லேவியராகமம் 6-ன்படி ஏமாற்றி எடுத்தவன் முதலையும் ஐந்தில் ஒரு பங்கையும் உரியவனுக்குக் கொடுக்க வேண்டும்; குற்றநிவாரண பலியும் உண்டு. 5,000 எடுத்தவன் 6,000 வைக்க வேண்டும். உரியவனும் இல்லை, வாங்கிக்கொள்ள உறவினனும் இல்லை என்றால் அது ஆசாரியனுக்குச் சேரும் என்கிறது எண்ணாகமம் 5:8. லூக்கா 19-ல் வரும் வரிவசூல்காரன் சகேயு இன்னும் மேலே போய் நாலத்தனையாகக் கொடுக்கிறான். ஆனால் இரட்சிப்பு வீட்டுக்கு வந்தது அந்தத் தொகையால் என்று பிள்ளைகள் எழுதிவிடக் கூடாது. இயேசு அவன் வீட்டில் தங்க வேண்டும் என்று சொன்னது முதலில், பணம் பிறகு. பணம் இல்லாதவனுக்கு? லேவியராகமம் 5:11-ல் பலியாக இரண்டு புறாவுக்கும் வழியில்லாதவன் எப்பா என்ற அளவில் பத்தில் ஒரு பங்கு மாவு கொண்டுவரலாம். சுமார் இரண்டு லிட்டர், எண்ணெயும் தூபவர்க்கமும் வேண்டாம். ஏழையை வாசலில் நிறுத்தவில்லை. பொருத்தனைக் காணிக்கையை விலையாக நினைக்கிறவர்களுக்கு, தேவனுடைய வரத்தை வாங்கப் பணம் நீட்டிய மாயவித்தைக்காரன் சீமோனிடம், உன் பணம் உன்னோடே நாசமாய்ப் போகட்டும் என்று பேதுரு சொன்னதை, அப்போஸ்தலர் 8:20-ஐ, வாசித்துக் காட்டு.

ஒன்றில் மட்டும் தயங்காதே. மன்னிப்பதும் பழையபடி உறவாடுவதும் ஒன்றல்ல. லூக்கா 17:3 "கடிந்துகொள்" என்றும் சொல்கிறது. அடிக்கிற வீட்டுக்கே திரும்பிப் போ என்று ஒரு பெண்ணுக்குச் சொல்லக் கிருபையை எடுத்துக்கொள்ளக் கூடாது. ஒரு பிள்ளை தனக்கு நடந்த பாலியல் தீங்கை வகுப்பில் உன்னிடம் சொன்னால், 2012-ம் வருஷத்துப் போக்சோ சட்டப்படி நீ போலீசுக்குத் தெரிவித்தே ஆக வேண்டும். சபைக்குள்ளேயே மன்னித்து முடித்துக்கொள்வோம் என்று சொல்ல யாருக்கும் அதிகாரமில்லை.

கத்தோலிக்கப் பிள்ளைகளோடு பள்ளியில் வாக்குவாதம் என்று எழுதியிருந்தாய். அவர்களுடைய ஒப்புரவு அருட்சாதனத்தில், அதாவது பழைய பாவசங்கீர்த்தனத்தில், பாவங்களை நினைவுகூர்வது, மனஸ்தாபப்படுவது, இனிச் செய்வதில்லை என்று தீர்மானிப்பது, குருவிடம் சொல்வது, அவர் கட்டளையிடும் அபராதத்தைத் தீர்ப்பது என ஐந்து படி. அதில் முதல் மூன்று நமக்கும் அப்படியே வேண்டியவை. நாலாவதில் நாம் பிரிகிறோம், மறைக்க வேண்டாம். ஆனால் "அவங்க காசு கொடுத்து மன்னிப்பு வாங்கறாங்க" என்று எவனாவது சொன்னால் அங்கேயே நிறுத்து. 1999 அக்டோபர் 31-ல் ஆக்ஸ்பர்க் நகரில் லுத்தரன்களும் கத்தோலிக்கரும் கையெழுத்திட்ட கூட்டு அறிக்கை, நம்முடைய எந்தத் தகுதியாலும் அல்ல, கிருபையால் மட்டுமே தேவன் நம்மை ஏற்றுக்கொள்கிறார் என்று இருவரும் சேர்ந்தே அறிக்கையிட்டது. மெதடிஸ்டுகள் 2006-லும் சீர்திருத்த சபைகளின் உலக ஐக்கியம் 2017-லும் அதில் இணைந்தன.

பெரிய வியாழனுக்கு முன் ஒரு நாள் இந்தப் பக்கம் வா. இலவம்பாடி முள்ளுக் கத்தரி வரத்து இருக்கிறது, எண்ணெய்க்கத்தரிக்காய் செய்யச் சொல்கிறேன்.

இப்படிக்கு,
உன் பழைய நண்பன்

பி.கு.: எண்ணாகமம் 5-ஐ வகுப்பில் வாசிக்கக் கொடுத்தால் பத்தாம் வசனத்தோடு நிறுத்திவிடு. பதினொன்றில் சந்தேகப்படுகிற புருஷனும் கசப்பான தண்ணீரும் வருகிறார்கள். அதற்கு வேறு ஒரு ஞாயிறு வேண்டும்.