தேடினால் கிடைக்கிறதா ஆய்வேடு?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

ஆய்வேடுகளையும் ஆய்வுக் கட்டுரைகளையும் இணையத்தில் சேர்த்து வைக்கும் பல்கலைக்கழகங்களின் மின் ஆய்வுக் களஞ்சியங்களை ஒப்பிட்டுச் சென்ற இதழில் வந்த கட்டுரையை இரண்டு முறை படித்தேன். யாரும் அதிகம் பேசாத விஷயம், அதை எடுத்துக்கொண்டதற்கே உங்களுக்கு நன்றி சொல்ல வேண்டும். ஆனால் எந்தப் பல்கலைக்கழகம் எத்தனை ஆய்வுகளை ஏற்றியிருக்கிறது என்ற எண்ணிக்கையை மட்டும் வைத்து முதலிடம், இரண்டாமிடம் என்று வரிசை போட்டிருந்தது மனதை உறுத்திக்கொண்டே இருக்கிறது. முப்பது ஆண்டுகள் கல்லூரி நூலகத்தில் வேலை பார்த்தவன் என்ற உரிமையில் இதை எழுதுகிறேன்.

சில வாரங்களுக்கு முன் ஒரு மாணவி வீட்டுக்கு வந்திருந்தார். தெருக்கூத்து பற்றி முனைவர் பட்ட ஆய்வு செய்கிறார். முன்னாய்வுகளைத் திரட்ட வேண்டும். ஒரு பல்கலைக்கழகத்தின் களஞ்சியத்தைத் திறந்து ‘தெருக்கூத்து’ என்று தமிழில் தட்டினோம். ஒன்றுமே வரவில்லை. அங்கே தெருக்கூத்தில் பட்டம் வாங்கியவர்கள் இருவரை எனக்கே தெரியும். பிறகுதான் புரிந்தது, தமிழில் எழுதிய ஆய்வேட்டின் தலைப்பையும் ஆங்கில எழுத்தில் பெயர்த்துத்தான் பதிந்திருக்கிறார்கள். சரி, ஆங்கில எழுத்தில் தேடலாம் என்றால் எந்த எழுத்துக்கூட்டலில் தேடுவது? ‘தெ’வுக்கு வெறும் ‘டி’யா, ‘டிஹெச்’சா? ‘கூ’வுக்கு இரட்டை ‘ஓ’வா, ‘யு’வா? நடுவில் ஒரு ‘கே’யா, இரண்டா? இடைவெளி உண்டா, இல்லையா? ஒவ்வொரு கூட்டலுக்கும் வேறொரு ஆய்வேடு எட்டிப் பார்த்தது. ஒரு மத்தியானம் முழுக்க இதற்கே போனது.

கிடைத்ததில் ஒன்றைத் திறந்தோம். பக்கங்கள் கண்ணுக்குத் தெளிவாகத்தான் இருந்தன. குறிப்பெடுக்க ஒரு வரியை நகலெடுத்து ஒட்டினார் அந்தப் பெண். ‘தமிழ்’ என்ற சொல் இருந்த இடத்தில் ஜே, கே, பி, ஓ என்று நான்கு ஆங்கில எழுத்துகளும் ஒரு அரைப்புள்ளியும் வந்து விழுந்தன. பாமினி எழுத்துருவில் தட்டச்சு செய்த ஆய்வேடு அது. நம் ஊர் டிடிபி கடைகளில் ஆண்டுக்கணக்காகப் புழங்கிய எழுத்துரு. ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களை வைத்துச் செய்தது. அச்சடித்து பைண்டு போட்டால் குறையே தெரியாது. தேடுபொறிக்கோ அது தமிழே இல்லை. முந்நூறு பக்கம் தமிழில் எழுதியவரின் உழைப்பு, தமிழ்ச் சொல் எதைத் தட்டினாலும் அகப்படாமல் கிடக்கிறது.

இன்னொன்றைப் பார்த்தபோதுதான் எனக்கு உண்மையிலேயே வயிறு எரிந்தது. இயல்கள் எல்லாம் இருந்தன, பின்னிணைப்பு மட்டும் இல்லை. நாட்டார் வழக்காற்று ஆய்வேட்டில் பின்னிணைப்பு என்றால் என்னவென்று உங்கள் வாசகர்கள் பலருக்குத் தெரியும். கூத்து வாத்தியார்கள் கையெழுத்து நோட்டில் வைத்திருந்த பாட்டு, கூத்தை நடத்திச் செல்லும் கோமாளியான கட்டியங்காரனின் வசனம், கலைஞர்களின் நேர்காணல், ஊர் ஊராக அலைந்து ஒலிப்பதிவு செய்து எழுதியது எல்லாம் அங்கேதான் இருக்கும். இயலில் உள்ள கருத்தை நாளை வேறொருவர் மறுத்து எழுதலாம். பாடியவர் போய்விட்ட பிறகு அந்தப் பாட்டுக்கு அந்தப் பின்னிணைப்பை விட்டால் வேறு போக்கிடம் கிடையாது. மாணவி பஸ் ஏறிப்போய்ப் பல்கலைக்கழக நூலகத்தில் பைண்டு பிரதியை வாங்கி, அந்தப் பக்கங்களைக் கையால் எழுதி எடுத்துவந்தார். உங்கள் கட்டுரையின் கணக்கில் அந்த ஆய்வேடும் ஒன்று.

எண்ணிக்கையே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. 2009 இல் பல்கலைக்கழக மானியக் குழு ஆய்வேட்டின் மின்படியையும் தர வேண்டும் என்று விதி கொண்டுவந்திராவிட்டால் எதுவுமே வெளியே வந்திருக்காது. காந்திநகரில் உள்ள இன்ஃப்ளிப்நெட் என்ற நூலக வலையமைப்பு மையம் நடத்தும், நாட்டின் பல்கலைக்கழகங்களுக்கெல்லாம் பொதுவான ஆய்வேட்டுக் களஞ்சியமான சோத்கங்காவில் இன்று 5 லட்சத்துக்கும் மேற்பட்ட ஆய்வேடுகள் இருக்கின்றன. பணம் கட்டாமல் யாரும் படிக்கலாம். நான் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் கனவில்கூட நினைத்திராத வசதி இது. ஆனால் எண்ணிக்கையை ஒப்பிடுவதென்றால் ஒரே இனத்தை ஒப்பிட வேண்டாமா? சோத்கங்காவில் இருப்பவை ஆய்வேடுகள். பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தின் களஞ்சியத்தில் பெரும்பாலும் ஆய்விதழ்க் கட்டுரைகள். ஆறு பக்கக் கட்டுரையும் ஒரு பதிவுதான், நானூறு பக்க ஆய்வேடும் ஒரு பதிவுதான். இரண்டையும் ஒரே அட்டவணையில் போட்டு யார் முந்தி என்று கேட்பதில் பொருள் இல்லை.

இந்தக் குறைகளைச் சரிசெய்யப் பெரிய செலவும் இல்லை என்பதுதான் என் ஆதங்கம். சோத்கங்காவும் இன்னும் பல களஞ்சியங்களும் டிஸ்பேஸ் என்ற மென்பொருளில் ஓடுகின்றன. 2002 இல் அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழக நூலகமும் ஹெச்பி நிறுவனமும் சேர்ந்து வெளியிட்ட இலவச மென்பொருள் அது. எந்தக் கணினியிலும் தமிழ் எழுத்தைத் தமிழாகவே காட்டும் பொதுக் குறியீடான யூனிகோடை அது தாராளமாக ஏற்கும். மாற்றுத் தலைப்பு எழுத அதில் தனிக் கட்டமே இருக்கிறது. ஆங்கில எழுத்தில் ஒரு தலைப்பு கட்டாயம் என்றால், தமிழ்த் தலைப்பை அந்தக் கட்டத்தில் போட எத்தனை நிமிடம் ஆகும்? பாமினியை யூனிகோடாக மாற்றும் கருவிகளும் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன. யூனிகோடைத் தரமாக ஏற்றுத் தமிழ்நாடு அரசு 2010 இலேயே ஆணை போட்டுவிட்டது. ஆய்வேட்டை யூனிகோடில்தான் தர வேண்டும் என்று எல்லாப் பல்கலைக்கழகங்களும் கறாராகச் சொல்லிவிட்டால் டிடிபி கடைக்காரர் மறுநாளே மாறிக்கொள்வார். பழையவற்றைத் திருத்தத்தான் ஆள் வேண்டும். நூலக அறிவியல் படிக்கும் பிள்ளைகளுக்குப் பயிற்சியாகவே இதைக் கொடுக்கலாம்.

அடுத்த முறை ஒப்பிடும்போது ஒவ்வொரு பல்கலைக்கழகத்திலிருந்தும் பத்துத் தமிழ் ஆய்வேடுகளைக் கண்ணை மூடிக்கொண்டு எடுங்கள். தலைப்பைத் தமிழில் தட்டினால் வருகிறதா, எல்லாக் கோப்பும் திறக்கிறதா, ஒரு வரியை நகலெடுத்தால் தமிழாகவே வருகிறதா, பின்னிணைப்பு இருக்கிறதா என்று பாருங்கள். இணைய முகவரியைக் குறித்து வைத்துக்கொண்டு ஆறு மாதம் கழித்து அதே முகவரியில் மறுபடி போய்ப் பாருங்கள். நிலையான முகவரி தராத இடங்களில் இணையதளத்தைப் புதுப்பித்த கையோடு பழைய இணைப்புகள் செத்துப்போவதை நான் பார்த்திருக்கிறேன். இந்தச் சோதனைக்குப் பிறகு உங்கள் வரிசை அப்படியே நிற்குமா என்பது எனக்குச் சந்தேகம்தான்.

கட்டுரையை எழுதியவர் மறுபடி இதில் இறங்குவதாக இருந்தால் உடன் உட்கார்ந்து தேட நான் தயார். அந்த மாணவியும் வருவதாகச் சொல்லியிருக்கிறார்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கல்லூரி நூலகர்,
விழுப்புரம்.