கிராம்பு எண்ணெய்க் குப்பியில் என்ன எழுதியிருக்க வேண்டும்?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தாவர எண்ணெய்களின் கிருமிநாசினி ஆற்றலைப் பற்றித் தங்கள் இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். மாறாமலையிலும் கரும்பாறையிலும் விளையும் கிராம்பைப் பற்றி நாலு வரி எழுதியிருந்தது சந்தோஷம். புவிசார் குறியீடு கிடைத்த பிறகும் குமரி மாவட்டத்துக்கு வெளியே அதைப் பற்றிப் பேசுபவர்கள் குறைவு. ஆனால், ஆன்டிபயாடிக் மாத்திரைக்கு மாற்று நம் தோட்டத்திலேயே இருக்கிறது என்று கட்டுரையை முடித்திருப்பதும், கீழே பெட்டிச் செய்தியில் வெறும் வயிற்றில் மூன்று சொட்டு கிராம்பு எண்ணெய் குடிக்கலாம் என்று போட்டிருப்பதும் அப்படியே விட்டுவிடக் கூடியவை அல்ல. நான் நுண்ணுயிரியல் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்று, தக்கலையில் இருப்பவன். இந்த எண்ணெய்களை மாணவர்களோடு சேர்ந்து பாக்டீரியா மேல் சோதித்துப் பார்த்தவன் என்பதால் எழுதுகிறேன்.

கிராம்பு எண்ணெய் பாக்டீரியாவைக் கொல்லும். அதில் எனக்கு மறுப்பே இல்லை. அந்த எண்ணெயில் 70 முதல் 90 சதவீதம் வரை யூஜெனால். அது பீனால் வகைப் பொருள். 1867இல் ஜோசப் லிஸ்டர் அறுவைப் புண்ணுக்குப் போட்டதாக அறிவித்த கார்பாலிக் அமிலத்துக்கு, அதாவது பீனாலுக்கு, ஒன்றுவிட்ட தம்பி. ஓமத்தில் இருக்கும் தைமாலும் அதே வீட்டுப் பிள்ளைதான். இவை பாக்டீரியாவின் கொழுப்புச் சவ்வுக்குள் புகுந்து அதை இளக்கிவிடும். உள்ளே இருக்கும் பொட்டாசியமும் மற்றவையும் வெளியே கசிய, செல் செத்துப்போகும். 1884இல் ஹான்ஸ் கிறிஸ்டியன் கிராம் கண்டுபிடித்த சாயமேற்றும் முறையில் ஊதா நிறம் பிடிக்கும் வகைகள் எளிதில் மடியும். சிவப்பாகத் தெரியும் கிராம் நெகட்டிவ் வகைகளுக்கு வெளியே இன்னொரு சவ்வு இருப்பதால் அவை கொஞ்சம் தாக்குப்பிடிக்கும். அதிலும் சூடோமோனாஸ் ஏருஜினோசா இருக்கிறதே, பெரும்பாலான எண்ணெய்களை அது சட்டையே செய்யாது. எல்லாக் கிருமியையும் கொல்லும் என்ற விளம்பர வாசகம் அந்த இடத்திலேயே அடிபட்டுப் போகிறது.

கட்டுரையோடு வந்த படத்தில் கிருமி வளர்க்கும் கூழான அகார் தட்டில், எண்ணெயில் நனைத்த காகித வில்லையைச் சுற்றி, கிருமி வளராத ஒரு தெளிந்த வளையம் தெரிந்தது. வாசகர்கள் அதைப் பார்த்து மயங்க வேண்டாம். எண்ணெய் நீரில் கரையாது. அகாரோ பெரும்பாலும் நீர். ஆகவே நல்ல எண்ணெய்கூடச் சின்ன வளையம் காட்டும். ஆவியாகி மூடிக்குள் பரவும் எண்ணெய் தேவைக்கு மேல் பெரிதாகவும் காட்டும். வளையத்தின் அகலத்தை வைத்து இரண்டு எண்ணெய்களை ஒப்பிடுவதே சரியில்லை. ஒரு ஆன்டிபயாடிக்கோடு ஒப்பிடுவதைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். திரவ ஊட்டத்தில் படிப்படியாக நீர்த்துப் பார்த்து, கிருமி வளராமல் தடுக்கும் மிகக் குறைந்த அளவு எது என்று கண்டால்தான் ஏதாவது பேச முடியும்.

அந்த அளவைச் சொல்கிறேன். குடலில் வாழும் பாக்டீரியாவான சாதாரண ஈ.கோலையின் வளர்ச்சியை நிறுத்த, ஒரு மில்லி திரவத்தில் சிப்ரோஃப்ளாக்சசின் என்ற ஆன்டிபயாடிக் ஒரு மைக்ரோகிராமில் ஐம்பதில் ஒரு பங்குகூட வேண்டியதில்லை. யூஜெனாலுக்கு அதே வேலைக்கு ஏறக்குறைய 1000 மைக்ரோகிராம் ஆகும். அதாவது 0.1 சதவீதம். பெரியவர் உடம்பில் ரத்தம் சுமார் 5 லிட்டர் என்று வையுங்கள். ரத்தத்தில் மட்டும் அந்த அளவு நிற்க 5 மில்லி யூஜெனால் தேவை. அதுவும் நிற்காது. குடலிலிருந்து உள்ளே வந்ததுமே ஈரல் அதை வேறு பொருளாக மாற்றிச் சிறுநீரில் அனுப்பிவிடும். இன்னொரு பக்கம், 5 முதல் 10 மில்லி கிராம்பு எண்ணெயை விழுங்கிய இரண்டு வயதுக் குழந்தைக்கு வலிப்பு வந்து, நினைவு தப்பி, ஈரலும் பாதிக்கப்பட்டதை 1993இல் மருத்துவ இதழ் ஒன்று பதிவு செய்திருக்கிறது. ரத்தத்தில் நிற்காமல் கிருமிக்குப் போதாமல் போகும் எண்ணெயே பிள்ளைக்கு ஆபத்தாகிவிடுகிறது.

மனிதர்களிடம் முறையாகச் சோதித்துப் பார்த்ததும் உண்டு. மருந்துக்கு மசியாத ஸ்டஃபைலோகாக்கஸ் கிருமியை மூக்கிலும் தோலிலும் சுமந்திருந்த 236 பேரிடம் செய்த ஆய்வு 2004இல் வெளிவந்தது. மூக்கில் மியூபிரோசின் என்ற ஆன்டிபயாடிக் களிம்பு போட்டவர்களில் 78 சதவீதம் பேரிடம் கிருமி நீங்கியது. ஆஸ்திரேலியாவின் டீ ட்ரீ எண்ணெய்க் களிம்பு போட்டவர்களில் 47 சதவீதம். தோலில் மட்டும் எண்ணெய் வழக்கமான மருந்துக்குக் குறையாமல் வேலை செய்தது. எனக்கு இது நல்ல முடிவாகத்தான் படுகிறது. ஒரு செடியின் எண்ணெய் மேல்பூச்சில் இவ்வளவு செய்வது சின்ன விஷயமா? உள்ளுக்குக் குடி என்று மட்டும் அந்த ஆய்வு சொல்லவில்லை.

எண்ணெயை ஒரு சதவீத அளவில் நிறுத்தி வைக்க முடிகிற இடம்தான் அதற்கு இடம். சொத்தைப் பல்லுக்குப் பல் டாக்டர் போடும் தற்காலிக அடைப்பு துத்தநாக ஆக்சைடும் யூஜெனாலும் சேர்ந்ததுதான். 1879 முதல் விற்கும் லிஸ்டரினில் தைமாலும் யூக்கலிப்டாலும் மெந்தாலும் இருக்கின்றன, கொப்பளித்துத் துப்புகிறோம். தரை துடைக்கும் தண்ணீரில் நம் பக்கத்தில் எலுமிச்சைப் புல்லில் வடித்த புல் தைலம் விடுவார்கள். அதில் முக்காலுக்கு மேல் சிட்ரால் என்ற கிருமியைத் தடுக்கும் மணப்பொருள், நல்ல காரியம்தான். நேரே தோலில் தேய்த்தால் எரியும், சிலருக்குத் தடிக்கும்.

தேங்காய் எண்ணெயில் கலந்து தேய்க்கும் வழக்கத்தைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். தோலுக்கு அது பாதுகாப்பு, சரி. ஆனால் யூஜெனாலுக்குக் கொழுப்பு பிடிக்கும். தேங்காய் எண்ணெயிலேயே தங்கிவிட்டு, பாக்டீரியாவின் சவ்வைத் தேடிப் போவது குறைந்துவிடும். தேங்காய் அரைத்த குழம்பில் நாலு கிராம்பு போட்டால் குழம்பு கெடாது என்று நம்புவதற்கும் இதே பதில். மணம் வரும், அவ்வளவுதான்.

சென்ற வாரம் பக்கத்து வீட்டுப் பெண் தங்கள் இதழைக் கையில் வைத்துக்கொண்டே கேட்டாள்: "சாரே, பிள்ளைக்கு வயித்துப்பூச்சிக்கு இதுல ரெண்டு சொட்டு வெந்நீர்ல குடுக்கலாமா?" பிள்ளைக்கு மூன்று வயது. கையிலிருந்த குப்பியை வாங்கிப் பார்த்தேன். சுற்றுலாக் கடை ஒன்றில் வாங்கியது. 'சுத்தமான கிராம்பு எண்ணெய்' என்பதற்கு மேல் ஒரு வரி இல்லை. மொட்டிலிருந்து வடித்ததா, இலையிலிருந்தா, காம்பிலிருந்தா? உலர்ந்த மொட்டில் எண்ணெய் 15 முதல் 20 சதவீதம் கிடைக்கும், இலையில் 2 அல்லது 3 தான். இலை மலிவு, அதன் எண்ணெயிலும் யூஜெனால் ஏராளம். மொட்டின் எண்ணெயில் கூடுதலாக இருக்கும் யூஜெனைல் அசிட்டேட் என்ற பொருளோ இலையெண்ணெயில் மிகக் குறைவு. இலையெண்ணெயை மொட்டெண்ணெய் என்று விற்றால் வாங்குபவருக்கு மட்டுமா நட்டம்? மலையேறி மொட்டுப் பறித்து உலர்த்துகிறவருக்கும்தான்.

புவிசார் குறியீட்டின் பெயரில் எண்ணெய் விற்பவர்கள் தாவரத்தின் எந்தப் பாகம், யூஜெனால் எத்தனை சதவீதம், வடித்த மாதம், வெளிப்பூச்சுக்கு மட்டும், குழந்தைகளுக்கு எட்டாமல் வைக்கவும் என்று குப்பியிலேயே தமிழில் அச்சிட வேண்டும். இருண்ட நிறக் கண்ணாடிக் குப்பியும் வேண்டும். வெளிச்சம் பட்டால் எண்ணெய் கெடும். தோட்டக்காரர்களே முன்னின்று இதைக் கேட்கலாம்.

தங்களிடம் கேட்பது இதைவிட எளிது. அந்தப் பெட்டிச் செய்திக்கு அடுத்த இதழிலேயே, அதே பக்கத்தில், அதே அளவு எழுத்தில் திருத்தம் போடுங்கள். மருத்துவக் குறிப்புகளைக் கத்தரித்து அடுக்களைக் கதவில் ஒட்டிவைக்கும் வீடுகள் எங்கள் பக்கம் நிறைய.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற நுண்ணுயிரியல் ஆசிரியர்,
தக்கலை, கன்னியாகுமரி மாவட்டம்.