செயலாளரின் ஆண்டறிக்கை: மலிவு ரைஃபிள்களும் நம் அறிவிப்புப் பலகையும்

அனைவருக்கும் வணக்கம். நிர்வாக விவரங்களை முதலிலேயே முடித்துவிடுகிறேன். செயற்குழு மாதம் தவறாமல் கூடியது, வரவு செலவைப் பொருளாளர் தனியாக வாசிப்பார், சுடுதளத்தில் விபத்து எதுவும் இல்லை, மழையில் கரைந்த பின்பக்க மண்மேட்டை மறுபடி உயர்த்திவிட்டோம். அவ்வளவுதான். மீதி அறிக்கை முழுக்க ஒரே விஷயம், கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

இந்த ஆண்டு சேர்ந்த புதியவர்களில் பலர் கொண்டுவந்தது ஆரம்ப விலை போல்ட் ஆக்‌ஷன் வேட்டை ரைஃபிள், அதாவது ஒவ்வொரு குண்டுக்கும் கையால் போல்ட்டை இழுத்துத் தள்ளும் வகை. பிளாஸ்டிக் ஸ்டாக் (ரைஃபிளைத் தாங்கும் கட்டை), மெல்லிய பேரல் (குழல்), பெட்டியோடு வந்த ஸ்கோப் (குறிபார்க்கும் தொலைநோக்கி). அதைப் பார்த்துப் பழைய உறுப்பினர்கள் சிலர் உதட்டைப் பிதுக்கினார்கள், அதில் நானும் ஒருவன் என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆண்டு முழுக்க அந்த ரைஃபிள்களோடு பெஞ்சில் உட்கார்ந்த பிறகு சொல்கிறேன்: பேரலைக் குறை சொல்ல இடமே வரவில்லை. சாவேஜ் 110 மாடல் 1958-இல் வந்தபோதே பேரலை ஒரு நட் வைத்து இறுக்கி ஹெட்ஸ்பேஸ் (தோட்டா உட்காரும் இடத்துக்கும் போல்ட்டுக்கும் உள்ள இடைவெளி) சரிசெய்யும் முறையோடுதான் வந்தது. அந்த மாதிரி வழிகளில் கைவேலை குறைந்தது, விலையும் குறைந்தது, துல்லியம் அப்படியே இருந்தது. தயாரிப்பவர்கள் மிச்சம் பிடிப்பது ஸ்டாக்கிலும் ட்ரிக்கரிலும் மெருகிலும்தான், ஆகவே நாம் கை வைக்க வேண்டியதும் அங்கேதான்.

முதல் பாடம் ஸ்க்ரூ. ஒருவர் குரூப் (தாளில் விழும் துளைகளின் கூட்டம்) சிதறுகிறது என்று ஸ்கோப்பை மாற்றினார், மவுண்டை மாற்றினார், ரைஃபிளையே விற்றுவிடலாமா என்று கேட்கும் கட்டத்துக்கு வந்துவிட்டார். பார்த்தால் ஆக்‌ஷனை, அதாவது போல்ட் இயங்கும் உலோகப் பாகத்தை, ஸ்டாக்கோடு பிடித்திருக்கும் பின்பக்க ஸ்க்ரூ விரலாலேயே திரும்புகிறது! அன்றுதான் சங்கத்துக்கு இறுக்கும் விசையை அளந்து காட்டும் ஒரு டார்க் ஸ்க்ரூடிரைவர் வாங்கத் தீர்மானம் போட்டோம். உள்ளே உலோகக் குழாய் இல்லாத பிளாஸ்டிக் ஸ்டாக்குக்குப் பெரும்பாலும் 35 முதல் 40 இன்ச்-பவுண்டு, அதாவது 4 நியூட்டன் மீட்டருக்குச் சற்று மேல், போதும். அந்தக் குழாய் (அலுமினியம் பில்லர்) இருந்தால் 65 வரை போகும். ஸ்கோப் வளையங்களுக்கு 15 முதல் 20. ஆனால் உங்கள் ரைஃபிளின் கையேட்டில் வேறு எண் இருந்தால் அதுதான் சரி, என் பேச்சைக் கேட்காதீர்கள்.

அடுத்தது ஸ்டாக் பேரலைத் தொடுவது. எல்லோரும் ஒரு தாளை நடுவில் விட்டு இழுத்துப் பார்த்து, தடையில்லாமல் போகிறது, சரி என்று எழுந்துவிடுகிறோம். பைபாடில் (முன்பக்க இருகால் தாங்கியில்) வைத்து உடம்பை முன்னே சாய்த்தால் அந்த மெல்லிய பிளாஸ்டிக் முன்பகுதி வளைந்து பேரலில் போய் முட்டுகிறது, அதுவும் ஒரு முறை முட்டுகிறது, ஒரு முறை முட்டுவதில்லை, அதனால்தான் மண்டை காய்கிறது. தாள் சோதனையைச் சுடும் நிலையில், பாரத்தோடு செய்யுங்கள். உரசினால் உருண்டைக் கட்டையில் உப்புத்தாள் சுற்றித் தேய்த்தாலே பெரும்பாலும் தீரும். வளைவு அதிகமென்றால் முன்பகுதியின் உள் அறைகளை எபாக்சியால் நிரப்பலாம், பிளாஸ்டிக்கைச் சொரசொரப்பாக்கிச் சிறு துளைகள் போட்டபின் ஊற்றினால்தான் அது பிடித்து நிற்கும்.

பெடிங், அதாவது உலோகப் பாகம் ஆடாமல் உட்கார ஸ்டாக்குக்குள் எபாக்சிப் படுகை போடுவது, செய்யப் போனவர்களைப் பற்றி அதிகம் சொல்லி மானத்தை வாங்க விரும்பவில்லை. உலோகப் பாகத்தில் எபாக்சி ஒட்டாமலிருக்கப் பூச வேண்டியதைப் பூச மறந்த ஒரு உறுப்பினரின் ரைஃபிளும் ஸ்டாக்கும் பிரியவே மறுத்தன. ஓர் இரவு முழுக்க ஃப்ரீசரில் வைத்த பிறகே விடுதலை. அந்த உறுப்பினர் செயலாளர் பதவியில் இருக்கிறார் என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன்.

ட்ரிக்கர் கனமாக இருக்கிறதென்று ஸ்பிரிங்கை நறுக்குவது, உரசும் முனைகளைத் தேய்ப்பது எல்லாம் வேண்டாம். சரிசெய்யும் ஸ்க்ரூ இருந்தால் கையேட்டின்படி மட்டும். அப்புறம் தோட்டா இல்லாமல் காக் செய்து (சுடத் தயார் நிலையில் வைத்து), போல்ட்டை வேகமாக அடித்து மூடியும், பின்கட்டையை ரப்பர் சுத்தியால் தட்டியும் பாருங்கள். ட்ரிக்கரைத் தொடாமலேயே தோட்டாவை அடிக்கும் ஊசி ஒரு முறை விழுந்தாலும் அந்த ரைஃபிள் தளத்துக்குள் வரக்கூடாது.

தோட்டா விஷயம் வம்பு பிடித்தது. ஒரே ரைஃபிள் ஒரு பெட்டியில் அழகாகக் கூட்டும், இன்னொன்றில் சிதறும், ஏன் என்று சுட்டுப் பார்க்காமல் முன்கூட்டிச் சொல்ல முடியாது. ட்விஸ்ட்டை (குண்டைச் சுழற்றும் பேரல் உள்வரிகள் எத்தனை அங்குலத்துக்கு ஒரு சுற்று என்பதை) மட்டும் முதலிலேயே கவனிக்கலாம்: 12 அங்குலத்துக்கு ஒரு சுற்று உள்ள, .223 வகைத் தோட்டாவுக்கான பேரலில் நீளமான 77 கிரெய்ன் (குண்டின் எடை அலகு) குண்டு நிலைகொள்ளாது, தாளில் பக்கவாட்டுத் துளைதான் விழும். 55 கிரெய்னில் தொடங்குங்கள். நால்வர் ஆளுக்கொரு பெட்டி வாங்கிப் பகிர்ந்து சோதித்தது இந்த ஆண்டின் உருப்படியான யோசனை.

இனி அறிவிப்புப் பலகை. அதில் ஆண்டுக்கணக்காகத் தொங்கிய என்னுடைய இலக்குத் தாளை நானே கழற்றிவிட்டேன். மூன்று துளை, 100 மீட்டர், ஒரு எம்ஓஏ-வுக்கும் (ஒரு பாகையில் அறுபதில் ஒரு பங்கு கோணம்) கீழே, அதாவது அந்தத் தூரத்தில் 2.9 சென்டிமீட்டருக்குள். அதே ரைஃபிளில் பத்து சுட்டால்? சராசரியாக மூன்று குண்டுக் குரூப்பைவிடப் பத்து குண்டுக் குரூப் ஏறக்குறைய 1.6 மடங்கு பெரிதாக வரும், இது ரைஃபிளின் குற்றமல்ல, வெறும் கணக்கு. நல்ல மூன்றை மாட்டிவிட்டு மற்றதைக் கசக்கிப் போட்ட பழக்கம்தான் புதியவர்களை, ‘என் ரைஃபிள் மட்டும் ஏன் இப்படி’ என்று ஏங்க வைத்தது.

அதனால் புது முறை. மெல்லிய பேரல் சூடானால் குண்டு விழும் இடம் நகரலாம், வேட்டையில் உதவுவதோ குளிர்ந்த பேரலின் முதல் குண்டு. ஆகவே ஒவ்வொரு வாரமும் வந்தவுடன் ஒரே ஒரு குண்டு, அதே தாளில், பத்து வாரம். அந்தத் தாளுக்கு மட்டுமே பலகையில் இடம். இப்போது அங்கே இரண்டு தாள் இருக்கிறது, இரண்டும் நாம் உதட்டைப் பிதுக்கிய ரைஃபிள்களுடையவை. என்னுடையது ஆறாவது வாரத்தில் நிற்கிறது, நான்காவது துளையைப் பற்றி யாரும் கேட்க வேண்டாம்.

கடைசியாக, டார்க் ஸ்க்ரூடிரைவரை எடுத்துப் போனவர் யாராக இருந்தாலும் கூட்டம் முடிவதற்குள் மேசையில் வைத்துவிடவும். பெயர் கேட்கமாட்டேன்.