17 ஆட்டம் போதுமா?

20 ஜூன் 2025

அன்புள்ள சேகர்,

உன் கடிதம் கிடைத்தது. தோள்வலி தணிந்து மறுபடி நீந்தப் போக ஆரம்பித்துவிட்டாய் என்று படித்தபோது நிம்மதியாக இருந்தது. இங்கே எல்லோரும் சுகம். பெரியவளுக்குப் பரீட்சை முடிந்துவிட்டது. இப்போதெல்லாம் ராத்திரி என்னோடு உட்கார்ந்து ஐஸ் ஹாக்கி பார்க்கிறாள், நான் எதைச் சொன்னாலும் மறுத்துப் பேசுகிறாள். உன் வீட்டில் பிறந்திருக்க வேண்டியவள்.

சரி, நீ கேட்ட விஷயத்துக்கு வருகிறேன். மைக்கேல் மிசா 65 ஆட்டத்தில் 134 புள்ளி எடுத்திருக்கிறான், மேத்யூ ஷேஃபர் காயத்தால் இந்த சீசனில் அணிக்கு ஆடியதே 17 ஆட்டம், அப்படியிருக்க என்ஹெச்எல் டிராஃப்டில், அதாவது வட அமெரிக்காவின் பெரிய ஐஸ் ஹாக்கி லீக் அணிகள் இளம் ஆட்டக்காரர்களை ஒவ்வொருவராகத் தேர்ந்தெடுக்கும் நிகழ்வில், எந்தக் கணக்கில் ஷேஃபரை முதலில் எடுக்கச் சொல்கிறார்கள் என்று கேட்டிருந்தாய். என் மகளும் இதையேதான் கேட்கிறாள்.

முதலில் அந்தப் புள்ளிக் கணக்கையே கொஞ்சம் பார்ப்போம். கோல் அடித்தால் ஒரு புள்ளி, அதற்குக் கைகொடுத்தவர்கள் இரண்டு பேர் வரைக்கும் ஆளுக்கு ஒன்று. மிசா முன்வரிசைக்காரன், கோல் அடிப்பதுதான் அவன் வேலை. 62 கோல் அடித்திருக்கிறான், ஒன்டாரியோ ஜூனியர் லீகில் இந்த ஆண்டு புள்ளியில் அவன்தான் முதலிடம். அவனைக் குறைத்துச் சொல்ல எனக்கு மனம் வராது. ஷேஃபர் தற்காப்பு ஆட்டக்காரன். 17 ஆட்டத்தில் அவன் எடுத்த 22 புள்ளி உண்மையில் மிக அதிகம், ஆனால் அந்த இடத்தில் ஆடுகிறவனுக்குப் புள்ளி என்பது வேலையோடு வரும் கூடுதல் வரவு. இரண்டு பேரையும் ஒரே தராசில் வைத்தால் கணக்கு இடிக்கத்தான் செய்யும்.

அப்புறம் வயது. செப்டம்பர் 15க்குள் 18 முடிகிறவர்கள்தான் அந்த ஆண்டு டிராஃப்டுக்கு வர முடியும். ஷேஃபர் பிறந்தது 2007 செப்டம்பர் 5. இன்னும் பதினொரு நாள் தள்ளிப் பிறந்திருந்தால் அடுத்த வருடம் எல்லோரும் எதிர்பார்க்கும் கேவின் மக்கென்னாவோடு வரிசையில் நின்றிருப்பான். ஆஸ்டன் மேத்யூஸுக்கு அப்படித்தான் ஆனது. இரண்டே நாளில் 2015ஐத் தவறவிட்டு, 2016இல் முதலாவதாகப் போனார். மிசா ஷேஃபரைவிட ஆறேழு மாதம் மூத்தவன். நம் வயதில் ஆறு மாதம் ஒரு பொருட்டா? பதினேழு வயதில் அது காலின் பலம், தோளின் அகலம், எல்லாவற்றிலும் தெரியும். அணிகள் பெயரைப் படிப்பது இன்றைய பையனுடையதுதான், அவர்கள் மனதில் ஓடுவது அவனுடைய 24ஆம் வயது.

17 ஆட்டம் போதுமா என்பதற்கு இப்போது வருகிறேன். ஒரு தற்காப்பு ஆட்டக்காரன் ஒரு ஆட்டத்தில் இருபத்தைந்து தடவையாவது பனிக்களத்தில் இறங்குவான், ஒவ்வொரு தடவையும் முக்கால் நிமிடம் போல. 17 ஆட்டத்தில் 400 தடவைக்கு மேல் ஆகிவிடும். எதைப் பார்க்க வேண்டும் என்று தெரிந்தவனுக்கு இது கொஞ்சநஞ்சமில்லை.

நான் பார்ப்பது ஒரே ஒரு தருணத்தை. எதிரணி பக்கை (பந்துக்குப் பதிலாக இருக்கும் ரப்பர் வட்டு) ஷேஃபருடைய மூலைக்கு அடித்துவிட்டுத் துரத்திக்கொண்டு வரும். இவன் களத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு போய் அதை எடுக்க வேண்டும். பின்னால் தன்னைவிடப் பெரிய ஆள் ஒருவன் இடித்துச் சுவரோடு நசுக்க வருகிறான். சாதாரணப் பையன் பக்கைத் தொட்ட பிறகுதான் நிமிர்ந்து பார்ப்பான், அதற்குள் காரியம் கெட்டுவிடும். பலர் பயத்தில் சுவரை ஒட்டி எங்காவது அடித்துத் தள்ளிவிடுவார்கள், பக் திரும்பவும் எதிரணி கையில். ஷேஃபர் பக்கை அடைவதற்கு முன்பே இடதுபக்கமும் வலதுபக்கமும் ஒருமுறை திரும்பிப் பார்த்துவிடுகிறான். போகும்போதே உடம்பை ஒரு பக்கம் சாய்த்து, துரத்துகிறவனை அந்தப் பக்கம் இழுத்துவிட்டு, மறுபக்கம் வெளியே வந்துவிடுகிறான். இரண்டு மூன்று விநாடிதான். அதற்குள் அவன் அணி தாக்குதலில் இருக்கிறது. இதை ஒரு ஆட்டத்தில் பத்து தடவை பார்க்கலாம். கோல் எண்ணிக்கைக்கு ராசி வேண்டும், நல்ல ஜோடி வேண்டும். இதற்கு இரண்டும் வேண்டாம்.

பின்னோக்கி ஸ்கேட் செய்வதையும் சொல்ல வேண்டும். எதிராளி முழு வேகத்தில் வரும்போது, இவன் பின்னால் போய்க்கொண்டே அவனுக்கும் தனக்கும் நடுவே ஒரு ஹாக்கி மட்டையின் நீளத்தைத் தாண்டாமல் இடைவெளியை வைத்துக்கொள்கிறான். குறையும் உண்டு. முன்னால் பாய்ந்து தாக்குவதில் அவனுக்கு ஆசை அதிகம். ஜூனியரில் வேகத்தால் திரும்பி வந்து சமாளித்துவிடுகிறான். என்ஹெச்எல்லில் அந்த இடைவெளியை விட்டுவைக்க மாட்டார்கள்.

காயம்பட்டவனை எடுப்பதற்கு எதிர் உதாரணமாக நீ இதற்குள் அலெக்ஸ் கால்ச்செனியுக்கைத் தேடி எடுத்திருப்பாய் என்று தெரியும். அவரும் முழங்கால் காயத்தால் 2011-12 சீசன் முழுக்கக் கிட்டத்தட்ட ஆடவே இல்லை, ஆனாலும் மாண்ட்ரியல் அணி 2012 டிராஃப்டில் மூன்றாவதாக எடுத்தது. ஒரு சீசனில் 30 கோல் அடித்தார், எதிர்பார்த்த உயரத்துக்குப் போகவில்லை. உண்மைதான். ஆனால் அதே டிராஃப்டில் முதலாவதாகப் போன யாகுபோவ் 2018க்குப் பிறகு என்ஹெச்எல்லிலேயே இல்லை. ஷேஃபருக்கு முறிந்தது காலர் எலும்பு, டிசம்பரில் உலக ஜூனியர் போட்டியில் கோல் கம்பத்தில் மோதி. அது சேர்ந்துவிடும் எலும்பு. முழங்கால் என்றால் நானும் தயங்கியிருப்பேன்.

உடற்தகுதிச் சோதனைகளைப் பற்றி நீ ஒரு பக்கம் எழுதியிருந்தாய், அதற்கு அவ்வளவு இடம் வேண்டியதில்லை. 2014இல் சாம் பென்னட்டால் கம்பியைப் பிடித்து ஒரு தடவைகூட உடம்பை மேலே இழுக்க முடியவில்லை. எல்லோரும் சிரித்தார்கள். இந்த வாரம் ஃபுளோரிடா அணி என்ஹெச்எல்லின் ஸ்டான்லி கோப்பையை வென்றபோது பிளேஆஃபின் (சீசன் முடிவில் நடக்கும் நாக்அவுட் சுற்றுகளின்) சிறந்த ஆட்டக்காரர் விருது யார் கையில் இருந்தது? போதாததற்கு, அதே 2014இன் முதல் இரண்டு பேரான எக்ப்ளாடும் ரைன்ஹார்ட்டும் அதே அணியில். மூன்றாவதாகப் போன டிரைசைட்டில் இறுதியில் தோற்ற அணியில்!

டிராஃப்டுக்கு முன் அணிகள் பையன்களிடம் நடத்தும் நேர்காணல்கள் பற்றித்தான் எனக்குச் சங்கடம். ஷேஃபரின் அம்மா 2024 பிப்ரவரியில் புற்றுநோயில் இறந்துபோனார். அந்த ஆகஸ்டிலேயே ஹ்லிங்கா கிரெட்ஸ்கி கோப்பை என்ற இளையோர் போட்டியில் கனடாவுக்குத் தலைமை தாங்கித் தங்கம் வென்றான். அம்மாவைப் பற்றி அவனே மனம்விட்டுப் பேசுகிறான், அது அவன் விருப்பம். ஆனால் அந்தத் துயரத்தை ‘மனஉறுதி’ என்று ஒரு கட்டத்தில் எழுதி மதிப்பெண் போடுகிறார்களே, அதைப் படிக்க எனக்குப் பிடிக்கவில்லை. காயத்தில் கிடந்த மாதங்களில் என்ன செய்தான், பயிற்சியாளரிடம் என்ன கேட்டான் என்று விசாரிக்கட்டும். அது வேலைக்கு உதவும்.

நியூயார்க் ஐலண்டர்ஸ் அணி வெறும் 3.5 சதவீத வாய்ப்போடு, முதலில் எடுப்பது யார் என்று முடிவுசெய்யும் லாட்டரியில் முதலிடம் பெற்றது. 2009இல் முதல் தேர்வாக ஜான் டவாரஸை எடுத்த பிறகு அவர்களுக்கு இப்படி அமைவது இப்போதுதான். அவர்கள் ரசிகர்களில் பலருக்கு லாங் ஐலண்ட் பையன் ஜேம்ஸ் ஹேகன்ஸ் மேல் கண். சீசன் தொடக்கத்தில் அவன்தான் முதல் என்று பேசினார்கள். பாஸ்டன் கல்லூரிக்கு 37 ஆட்டத்தில் 37 புள்ளி எடுத்திருக்கிறான், நல்ல ஆட்டக்காரன். ஆனால் சொந்த ஊர் என்பதற்காக முதல் தேர்வைக் கொடுக்கிற அணியை நான் நம்ப மாட்டேன்.

ஆக என் கணிப்பு: முதலில் ஷேஃபர், அடுத்து சான் ஹோசே மிசாவை எடுக்கும். மகள் நேர்மாறாகச் சொல்கிறாள். இந்த முறை அணிக்காரர்கள் அவரவர் ஊரிலிருந்தே தேர்வு செய்கிறார்கள், பையன்கள் மட்டும் லாஸ் ஏஞ்சலிஸ் மேடையில் ஏறுவார்கள், அதனால் ஏகப்பட்ட காத்திருப்பு இருக்கும் போலிருக்கிறது. டிராஃப்ட் நடக்கும் 27ஆம் தேதி போன் பண்ணு, பேசிக்கொண்டே பார்க்கலாம். அதற்குள் ஷேஃபரின் ஆட்டம் ஒன்றையாவது முழுசாகப் பார்த்துவிடு. கோல் தொகுப்பு வேண்டாம்.

வீட்டில் எல்லோரையும் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
ரவி