ஒரே ஏலக்காய், இரண்டு கோபம்

குமுளி
புதன்கிழமை

அன்பு மாப்ளை,

உன் கடிதம் கிடைத்தது. தங்கச்சிக்குக் கைவலி குறைந்தது கேட்டு நிம்மதி. இங்கே மூன்று நாளாக அடைமழை. தோட்டத்துக்கு ஜீப் போகவில்லை, ஸ்டோரில் ஏலக்காய் உலர்த்தும் வேலை மட்டும் நடக்கிறது.

கலப்பட எண்ணெய் மேல் ஜனங்களுக்கு இருக்கும் கோபத்தை வைத்து உன் செக்கு எண்ணெய் வாடிக்கையாளருக்கு வாராவாரம் மெயில் அனுப்பலாமா, வியாபாரம் கூடுமா என்று கேட்டிருந்தாய். உன்னிடம் இதுவரை சொல்லாத ஒன்றைச் சொல்ல வேண்டும்.

ஒரு மழைக்காலத்தில் முல்லைப்பெரியாறு அணையில் தண்ணீர் 136 அடியைத் தாண்டியது. வழக்கம்போல தமிழ்நாடு, கேரளம் இரண்டு பக்கமும் செல்போனில் சண்டை. எங்கள் மெயில் வேலையைப் பார்த்த ஏஜென்சிப் பையன் ஒரு யோசனையோடு வந்தான். தமிழ் வாடிக்கையாளருக்கு 'நம் தண்ணீரைப் பறிக்கிறார்கள்' என்று தலைப்பு. மலையாளிகளுக்கு 'நம் உயிரோடு விளையாடுகிறார்கள்' என்று தலைப்பு. கீழே இரண்டிலும் அதே ஏலக்காய், அதே விலை. மலையாளக் கடிதம் வேண்டாம் என்றேன். தமிழ்க் கடிதத்துக்குச் சரி என்றுவிட்டேன். அணைக்கான 1886ஆம் வருஷக் குத்தகை, 142 அடி வரை தேக்கலாம் என்று 2014இல் உச்ச நீதிமன்றம் தந்த தீர்ப்பு எல்லாம் அதில் இருந்தது. பொய் ஒன்றும் இல்லையே என்று நினைத்தேன்.

நிறையப் பேர் அதை மற்றவர்களுக்கு அனுப்பினார்கள். பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் பெர்ஜர், மில்க்மேன் என்ற இருவர் 2012இல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். நியூயார்க் டைம்ஸ் வாசகர்கள் எந்தச் செய்திகளை அதிகம் மெயிலில் அனுப்புகிறார்கள் என்று பார்த்திருக்கிறார்கள். கோபமூட்டியவை அதிகம் போயின, வருத்தம் தந்தவை குறைவு. பிரமிக்க வைத்த செய்திகளும் நன்றாகவே போயிருக்கின்றன. அதை மட்டும் எந்த ஏஜென்சியும் நமக்குச் சொல்வதில்லை.

அப்படிக் கைமாறிக் கைமாறி எங்கள் கடிதம் பக்கத்துக் கடைச் சேட்டனிடமே வந்து சேர்ந்தது. 2011 டிசம்பரில் இதே அணைச் சண்டையில் எல்லை அடைபட்டுக் கிடந்தபோது, எங்கள் வீட்டுத் திண்ணையில் இரண்டு ராத்திரி காவலாக உட்கார்ந்திருந்த மனிதர். சண்டை போடவில்லை. போனை நீட்டி, "இது நீ எழுதியதாணோ?" என்று மட்டும் கேட்டார். ஆமாம் என்றேன். அவர் மகளைக் கட்டிக்கொடுத்தது வண்டிப்பெரியாற்றில், அணைக்குக் கீழே, ஆற்றை ஒட்டிய வீடு. மழை ராத்திரிகளில் அவர் தூங்க மாட்டார். அந்தத் தண்ணீர் வராவிட்டால் கம்பத்தில் என் தம்பியால் நாற்று நட முடியாது, அதுவும் அவருக்குத் தெரியும். இத்தனை வருஷம் இரண்டையும் தெரிந்துகொண்டுதான் ஒரே கடையில் சாயா குடித்தோம். நான் காய் விற்க அதில் கை வைத்துவிட்டேன், மாப்ளை.

அந்த மாதம் ஆர்டரும் கூடவில்லை. பட்டியலிலிருந்து விலகியவர்கள்தான் கூடினார்கள். எத்தனை பேர் திறந்தார்கள் என்ற கணக்கையும் பெரிதாக நம்பாதே. மெயிலில் உள்ள படம் இறங்கினால் திறந்ததாகக் கணக்கு. 2021இலிருந்து ஆப்பிள் மெயில் அந்தப் படங்களைத் தானே இறக்கிவைக்கிறது, ஆள் படிக்காமலே படித்ததாகக் காட்டும். ஸ்பேம் என்று அழுத்துகிறவர்கள் ஆயிரத்துக்கு மூன்று பேரைத் தொடக்கூடாது என்று 2024இல் ஜிமெயில் கறாராகச் சொல்லிவிட்டது.

கோபமே கூடாது என்று சொல்ல மாட்டேன். ஏலக்காய்க்குப் பச்சைச் சாயம் ஏற்றுகிறவர்கள் மேல் எனக்குத் தீராத கோபம். அதை எழுதுகிறேன். காயை வெந்நீரில் போட்டு, தண்ணீரில் நிறம் இறங்குகிறதா என்று பார்க்கச் சொல்கிறேன். எங்கள் காய் ஏன் சில சமயம் வெளிறி வருகிறது என்றும் சேர்த்தே எழுதுகிறேன். யாராவது எதிர்க்கேள்வி கேட்டால் பதில் சொல்ல முடிகிறது. நீயும் உன் செக்கில் கண்ணால் கண்டதை எழுது, அதுவும் எழுத விஷயம் இருக்கிற வாரத்தில் மட்டும். முதல் கடிதத்தை அனுப்புமுன் எனக்குக் காட்டு.

சேட்டன் பழையபடி பேசுகிறார். நான்தான் இன்னும் மன்னிப்புக் கேட்கவில்லை. இந்த ஞாயிற்றுக்கிழமை அவர் வீட்டுக்குப் போகிறேன்.

மழை விட்டதும் குடும்பத்தோடு வா. பிள்ளைகளுக்கு ஸ்வெட்டர் எடுத்துக்கொள்.

உன் பழைய மாப்ளை