சாவிக்கொத்து என் கையில்தான் இருந்தது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பெருந்தொற்றின்போது மருத்துவப் பணியாளர்களுக்கு ஓட்டல்களும் விடுதிகளும் கதவைத் திறந்துவிட்டதைப் பாராட்டி உங்கள் நாளிதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். பாராட்ட வேண்டியதுதான். ஆனால் கட்டுரை நெடுக 'மருத்துவர்கள், செவிலியர்கள்' என்றே வருகிறது. வார்டைத் துடைத்தவர், ஸ்ட்ரெச்சர் தள்ளியவர், இறந்தவரின் உடலைப் பொதிந்து கட்டியவர் யாரையும் காணோம். இதைக் குறையாகச் சொல்ல எனக்கு முழுத் தகுதி கிடையாது. 2020-இல் நான் போட்ட பட்டியலிலும் அவர்கள் இல்லை.

அப்போது நான் ஒரு மருத்துவமனையில் செவிலியர் கண்காணிப்பாளர். பூட்டிக் கிடந்த மாணவியர் விடுதி ஒன்றை இரண்டே நாளில் தங்குமிடமாக மாற்றச் சொன்னார்கள். மொத்தம் 40 அறைகள். சாவிக்கொத்தும் ஒரு நீள நோட்டும் என் கைக்கு வந்தன. "நீங்களே பார்த்துப் பிரித்துக் கொடுத்துவிடுங்கள்" என்றார்கள். நானும் பார்த்துத்தான் பிரித்தேன்: முதலில் மருத்துவர்கள், அடுத்து பயிற்சி மருத்துவர்கள், அடுத்து தீவிர சிகிச்சைப் பிரிவின் செவிலியர்கள், மீந்ததில் ஆய்வகத்தார். பதவி வரிசை என்று யாரும் சொல்லித் தரவில்லை. பேனா பழக்கத்தில் அப்படித்தான் ஓடியது.

வெளியில் இருப்பவர்களுக்கு இது அறை கொடுக்கும் வேலையாகத் தெரியும். முதல் வாரமே சாவி எங்களைப் படுத்திவிட்டது. கை மாறும்போதெல்லாம் ஸ்பிரிட்டில் துடைத்ததில் மார்க்கரில் எழுதிய எண்கள் அழிந்துபோயின. 16-ம் 19-ம் மாறி, இரவுப் பணி முடித்து அப்போதுதான் கண்ணயர்ந்திருந்த ஒரு மயக்கவியல் மருத்துவரின் கதவை இன்னொருவர் திறந்துவிட்டார். அவர் போட்ட சத்தம் மாடிவரை கேட்டது. பிறகு ஆணியால் எண்களைக் கீறி வைத்தோம்.

இன்னொரு சிக்கல் நம் மொழியிலேயே இருந்தது. 'தனிமைப்படுத்தல்' என்ற ஒரே சொல்லை எல்லாவற்றுக்கும் போட்டுவிட்டோம். தொற்று உறுதியானவரைப் பிரித்து வைப்பது ஒன்று. நோயாளியின் அருகில் சரியான பாதுகாப்பின்றி நிற்க நேர்ந்தவரை, நோய் வருகிறதா என்று பார்க்கத் தள்ளி வைப்பது வேறு. இந்த இரண்டும் இல்லாமல், தினமும் வார்டுக்குள் போய் வருபவர், 'வீட்டில் வயதான அம்மா இருக்கிறார், அங்கே போகப் பயமாக இருக்கிறது' என்று கேட்கும் அறை மூன்றாவது வகை. மூன்று பேரையும் ஒரே தாழ்வாரத்தில் வைத்தால் நோய் இல்லாதவருக்கு நாமே நோயைக் கொடுத்தவர்களாவோம். கோவிட் தொற்றியவருக்கு அறிகுறி தெரிய அப்போது பெரும்பாலும் ஐந்தாறு நாள் ஆனது, சிலருக்கு 14 நாள் வரைக்கும். அறிகுறி தெரிவதற்கு ஓரிரு நாள் முன்பே அவரிடமிருந்து பரவவும் செய்யும். ஆகவே ஒருவர் நன்றாக நடமாடுகிறார் என்பதை நம்பி ஒரே குளியலறையை இரண்டு பேருக்குக் கொடுக்க முடியாது. எங்கள் விடுதியில் தளத்துக்கு நான்கு குளியலறைதான். 40 அறை என்று எழுதிக்கொண்டோமே தவிர, கணக்காகப் பார்த்தால் ஒரு தளத்தில் நான்கு பேருக்குத்தான் இடம். இதைப் புரிந்துகொள்ள எனக்குப் பத்து நாள் ஆனது. அதன் பிறகு மூன்றாம் வகையினரை மட்டும் அங்கே வைத்துக்கொண்டு, மற்றவர்களைத் தனிக் குளியலறை உள்ள வேறு கட்டடத்துக்கு மாற்றினோம்.

நியூயார்க்கின் ஃபோர் சீசன்ஸ் ஓட்டல் 2020 மார்ச் கடைசியில் மருத்துவப் பணியாளர்களுக்கு இலவசமாக அறை தருவதாக அறிவித்தது. லிஃப்டில் ஒரு நேரத்தில் ஒருவர்தான் என்பது போன்ற கட்டுப்பாடுகளோடு அதை நடத்தினார்கள். வசதி பெரிதாக இருந்ததைவிட, ஆட்கள் ஒருவரையொருவர் எங்கே எதிர்ப்படுவார்கள் என்று யோசித்திருந்ததுதான் எனக்குப் பெரிதாகப்பட்டது.

எங்கள் செவிலியர் ஒருவருக்கு ஏழு மாதக் குழந்தை. 11 நாள் தாய்ப்பாலைப் பீய்ச்சிக் கைகழுவும் தொட்டியில் ஊற்றினார். தொற்று இருக்கும் தாயே முகக்கவசம் போட்டுக்கொண்டு, கையைக் கழுவிவிட்டுப் பால் கொடுக்கலாம் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்லியிருந்தது. இவருக்குத் தொற்றும் இல்லை. ஒரு சின்ன ஃபிரிட்ஜ் இருந்திருந்தால் பாலை எடுத்துவைத்து வீட்டுக்கு அனுப்பியிருக்கலாம். இரண்டு முறை எழுதிக் கேட்டேன். வாசலில் நின்று எங்களுக்குக் கைதட்டினார்கள், பூத் தூவினார்கள். ஃபிரிட்ஜ் வரவில்லை.

இனி நான் எழுத வந்த விஷயத்துக்கு வருகிறேன். மூன்றாவது வாரத்தில் ஒரு விடியற்காலை, விரிப்புகள் வைக்கும் அறையைத் திறந்தேன். மூட்டைகளுக்கு நடுவே எங்கள் வார்டின் துப்புரவுப் பணியாளர் ஒரு அம்மா சுருண்டு படுத்திருந்தார். தலைமாட்டில் ரப்பர் செருப்பு, அதன்மேல் மடித்து வைத்த முகக்கவசம். ஒன்பது இரவாக அங்கேதான் தூங்குகிறாராம். "வீட்ல ஒத்த ரூம்தான் பெரிய சிஸ்டர். மக பச்ச ஒடம்புக்காரி. நான் எங்க போயி படுக்க?" என்றார். அன்று என் நோட்டில் ஏழு அறைகள் காலி. அவற்றை வாங்கியிருந்த மருத்துவர்கள், தங்கள் வீட்டு மாடியில் தனி அறை இருக்கிறது என்று கிளம்பிப் போய்விட்டார்கள். அவர்கள்மீது தப்பில்லை. அந்தக் கேள்வியை நான்தான் யாரிடமும் கேட்கவில்லை.

அவர் ஒப்பந்தப் பணியாளர். அறை கேட்டு எழுதினால், 'இவர் நம் ஊழியர் அல்ல' என்று நிர்வாகம் திருப்பியது. ஒப்பந்தக்காரரோ, சம்பளம் மட்டும்தான் தன் பொறுப்பு என்றார். அந்தச் சம்பளமும் வந்த நாளுக்குத்தான். நோயாளி முகத்துக்கு நேரே இருமினார் என்று இவர் சொன்னால் 14 நாள் வீட்டில் உட்காரவேண்டும், கூலி கிடையாது. சொல்வாரா? சொல்லாமல் மறுநாளும் துடைப்பத்தோடு வந்து நிற்பார். அறை இல்லாதது பாதி ஆபத்து, தள்ளி இருக்கும் நாளைப் பணிநாளாகக் கணக்கில் சேர்க்காதது மீதிப் பாதி.

2003-இல் சார்ஸ் வந்தபோது உலகம் முழுவதும் நோய் கண்ட சுமார் 8,000 பேரில் ஐந்தில் ஒருவர் மருத்துவப் பணியாளர். கனடாவின் டொராண்டோவில் அப்போது 'பணித் தனிமை' என்று ஒரு ஏற்பாடு செய்தார்கள். வீடு விட்டால் மருத்துவமனை, மருத்துவமனை விட்டால் வீடு. வீட்டுக்குள்ளும் முகக்கவசம், தனியே படுக்கை. நல்ல ஏற்பாடுதான், வீட்டில் இன்னொரு அறை இருப்பவருக்கு. 2020 ஜனவரி முதல் 2021 மே வரை கோவிட்டால் இறந்த மருத்துவப் பணியாளர்கள் 1,15,000 பேர் இருக்கலாம் என்று உலக சுகாதார நிறுவனம் மதிப்பிட்டது. அந்த எண்ணைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு அந்த விரிப்பறைதான் நினைவுக்கு வருகிறது.

அவசரநிலை முடிந்ததாக அந்த நிறுவனம் 2023 மே 5-ஆம் தேதி அறிவித்ததோடு எல்லோரும் இதை மறந்துவிட்டோம். அடுத்தது வரும்போது யார் கையிலோ மறுபடி ஒரு நோட்டைக் கொடுப்பார்கள். விடுதிகளோடும் ஓட்டல்களோடும் இப்போதே ஒப்பந்தம் எழுதி வையுங்கள். அறைகளை எண்ணாதீர்கள், குளியலறைகளையும் வெளியே திறக்கும் ஜன்னல்களையும் எண்ணுங்கள். பணியாளரிடம் பதவியைக் கேட்க வேண்டாம். வீட்டில் எத்தனை அறை, எத்தனை பேர், கைக்குழந்தையோ முதியவரோ உண்டா என்று கேட்டு, அந்த வரிசையில் சாவியைக் கொடுங்கள். ஒப்பந்தப் பணியாளருக்கு அறையும் அந்த நாட்களுக்கான கூலியும் டெண்டர் நிபந்தனையிலேயே இருக்கட்டும்.

அந்த அம்மாவுக்கு அன்றே ஒரு சாவியைக் கொடுத்தேன். வாங்க மறுத்தார், வேலையை விட்டு நிறுத்திவிடுவார்கள் என்று பயம். யாருக்கும் தெரியாது என்று சொல்லித்தான் அனுப்பினேன். நோட்டு இன்னும் என்னிடம் இருக்கிறது. 31-ஆம் அறைக்கு நேரே 24 நாளைக்கு, என் கையெழுத்தில், 'குழாய் பழுது' என்று எழுதியிருக்கிறது.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற செவிலியர் கண்காணிப்பாளர்